புறாத் தீவின் முருகைத் தோட்டம்

புதிய சுழியோடிகளுக்கு நிலாவெளிக் கடல் கற்பிக்கும் பாடங்கள்

திருகோணமலையிற் பிறந்து வளர்ந்தவன் நான். கோணேசர் மலையின் உச்சியில் நின்று கடலைப் பார்த்திருக்கிறேன். வள்ளத்தில் ஏறிக் கடலைக் கடந்திருக்கிறேன். கரைவலை இழுப்போருடன் கூடி நின்று கயிற்றையும் பிடித்திருக்கிறேன். ஆயினும் ஐம்பத்தைந்து வயதுவரை அக்கடலின் அடியை நான் கண்டதில்லை. வாழ்நாள் முழுவதும் ஒரு வீட்டின் திண்ணையில் இருந்துவிட்டு, உள்ளே எத்தனை அறைகள் உண்டென்று அறியாதவனின் நிலை எதுவோ, அதுவே என் நிலையாயிருந்தது.

சென்ற ஆடி மாதத்தில் அந்தக் குறை நீங்கிற்று. நீக்கி வைத்தவன் என் தங்கையின் மகன். உயர்தரப் பரீட்சையை எழுதி முடித்துவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளை. காற்றடைத்த உருளையை முதுகிற் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் சுழியோட்டத்தைப் பழக வேண்டும் என்பது அவனுடைய நெடுநாளைய ஆசை. அதற்குத் தடையாக நின்றவள் அவனுடைய தாய்.

தாயைக் குறைகூற எவராலும் முடியாது. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை நிலாவெளிக் கரையை வாரிச் சென்றபோது, புதுமணப் பெண்ணாய் அவள் வாழ்ந்த வீடு அத்திவாரம் மாத்திரமாக எஞ்சியது. அயலில் வாழ்ந்த சிலர் திரும்பி வரவேயில்லை. அன்றிலிருந்து என் தங்கை கடற்கரை மணலிற் கால் வைத்தவள் அல்லள். மகன் பிறந்தது அதன் பின்னர். தான் காணாத அலைக்கு அவன் அஞ்சவில்லை. தான் கண்ட அலையை அவள் மறக்கவில்லை. இருவருக்குமிடையே நடந்த வாதம் ஈற்றில் என்னிடம் வந்து சேர்ந்தது.

"நீங்களும் கூட இறங்கிறதெண்டால் விடுறன், அண்ணா. கரையிலை நிண்டு பாக்கிறதெண்டால் விடமாட்டன்" என்றாள்.

இவ்விதமாகவே இந்தக் கட்டுரைக்குரிய பிரயாணம் ஆரம்பமாயிற்று.

தீவும் அதன் கதையும்

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து வடக்கே ஏறக்குறைய 15 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது நிலாவெளி. அதன் வெண்மணற் கரைக்கு எதிரே, ஒரு கிலோமீற்றர் அளவு தூரத்தில், இரண்டு சிறு தீவுகள் கடலில் எழுந்து நிற்கின்றன. பெரிய தீவு ஏறத்தாழ 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும் கொண்டது. சிறிய தீவைச் சுற்றிலும் பாறைத் திட்டுக்கள் சிதறிக் கிடக்கின்றன. பாறைகளின் இடுக்குகளில் மாடப்புறாக்கள் கூடு கட்டி வாழ்வதனால் இவற்றுக்குப் புறாத் தீவு என்று பெயர் வந்தது.

பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் இத்தீவு சுடும் பயிற்சிக்கு இலக்காகப் பயன்பட்டது. புறாக்கள் அதனையும் பொறுத்துக்கொண்டு வாழ்ந்தன போலும்! 1963 ஆம் ஆண்டில் தீவு சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2003 ஆம் ஆண்டில் சூழவுள்ள கடற்பரப்பையும் சேர்த்துத் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. பூங்காவின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 471 ஹெக்டெயர். அதிலே தரை சிறு துண்டு; மிகுதி எல்லாம் கடல். சுமார் 100 வகை முருகைகளும் சுமார் 300 வகை மீன்களும் இங்கே பதிவாகியுள்ளன.

திருகோணமலைக் கடலின் அடியை உலகுக்கு எடுத்துக் காட்டியவர்களுள் முதன்மையானவர் ஆதர் சி. கிளாக். விண்வெளிக் கதைகளால் புகழ்பெற்ற இந்த எழுத்தாளர் 1956 ஆம் ஆண்டில் இலங்கைக்குக் குடிவந்ததற்குச் சுழியோட்டமே முக்கிய காரணம். விண்வெளிப் பிரயாணி உணரும் பாரமின்மையைப் பூமியிலிருந்தபடியே உணர்வதற்குக் கடலே வழி என்பது அவர் கருத்து. அவரும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் கோணேசர் மலையின் அடிவாரத்துக் கடலில் இறங்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய ஆலயத்தின் செதுக்கப்பட்ட கற்றூண்களை நீரடியிலே கண்டனர். 1957 ஆம் ஆண்டில் வெளிவந்த கிளாக்கின் நூலொன்றில் இச்செய்தி விரிவாக உண்டு. நாம் தினந்தோறும் பார்த்து நின்ற கடலுக்குள் நமது சரித்திரமே கிடந்திருக்கிறது.

புதியவருக்கு ஏற்ற கடல் எது?

சுழியோடப் பழகுவோருக்கு எல்லாக் கடலும் ஏற்றதன்று. ஆழம், நீரோட்டம், தெளிவு, வெப்பம், அலை என்னும் ஐந்தையும் கணக்கிட்டே இடத்தைத் தேர்ந்தெடுக்கின்றனர். புறாத் தீவு இவ்வைந்திலும் பெரும்பாலும் தேறிவிடுகிறது.

முதலாவது ஆழம். இங்கே முருகைப் பார் கரையோரத்தில் இடுப்பளவு நீரிலேயே தொடங்கிப் படிப்படியாகச் சரிந்து செல்கிறது. பழகுபவர் மூன்று மீற்றரில் ஆரம்பித்து, மனம் துணிந்த அளவுக்கு மெல்ல மெல்ல இறங்கலாம். அடி தெரியாத பாதாளத்தில் தொங்கும் அச்சம் இல்லை.

இரண்டாவது நீரோட்டம். இலங்கையைச் சூழ்ந்த கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. பல மீற்றர் ஏறி இறங்கும் கடல்களைக் கொண்ட நாடுகளில், அந்த ஏற்ற இறக்கத்தினால் எழும் ஓட்டம் ஆற்று வெள்ளம்போல ஆளை இழுக்கும். இங்கே அத்தகைய இழுப்பு அரிது. ஆனால் காற்றினால் எழும் ஓட்டம் உண்டு. தீவின் முனைகளிலும் இரு தீவுகளுக்கு இடையிலும் அதன் வேகம் கூடுவதனால், புதியவர்களை மறைவான பக்கத்திலேயே இறக்குகின்றனர்.

தெளிவும் வெப்பமும் அலையும் பருவத்தைப் பொறுத்தவை. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக் காற்று வீசுகிறது. மேற்குக் கரையிலும் தெற்கிலும் கடலைக் கொந்தளிக்கச் செய்யும் அதே காற்று, மலைநாட்டையும் காடுகளையும் கடந்து எமது கிழக்குக் கரைக்கு வரும்போது கச்சானாக மாறித் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரக் கடல் அப்போது குளம்போலக் கிடக்கும். நல்ல நாளிலே பத்து முதல் இருபது மீற்றர் வரை கண்ணுக்குத் தெரியும். நீரின் வெப்பம் 27 பாகை முதல் 30 பாகை வரை இருக்கும். ஐப்பசிக்குப் பின்னர் வாடைக் காற்றுடன் நிலைமை தலைகீழாகும். மழை வெள்ளம் ஆறுகளின் வழியே சேற்றைக் கொண்டுவரும், அலை உயரும், நீர் கலங்கும். மார்கழியில் ஒருவர் "வாருங்கள், காட்டுகிறேன்" என்று அழைத்தாலும் போகலாகாது.

நாளிலும் ஒரு நேரம் உண்டு. காலை ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடைப்பட்ட பொழுதே சிறந்தது. பிற்பகலிற் காற்று எழும்பும், படகுகளும் பெருகும். கடலுக்குள் இருப்பவனுக்கு மீன்களைக் காட்டிலும் தலைக்கு மேலே ஓடும் படகின் விசிறியே பெரும் ஆபத்து என்பதை மறந்துவிடக் கூடாது.

நீரின் சட்டங்கள்

முதல் நாள் முழுவதும் பாடமாகவே கழிந்தது. எமக்குக் கற்பித்தவர் நிலாவெளியைச் சேர்ந்த இளைஞர். மீன்பிடிக் குடும்பத்திற் பிறந்து, முறைப்படி பயின்று சான்றிதழ் பெற்றவர். நெஞ்சளவு நீரில் எம்மை மண்டியிடச் செய்து அவர் சொல்லித் தந்தவற்றை மாணவர்கள் தம் பௌதிகப் பாடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கடலில் ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. மேற்பரப்பில் ஒன்று, பத்து மீற்றரில் இரண்டு, இருபது மீற்றரில் மூன்று. அமுக்கம் இருமடங்காகும்போது வாயுவின் கனவளவு பாதியாகும் என்பது பொயிலின் விதி. பள்ளியில் இந்த விதியை எழுதிப் புள்ளி வாங்கியவர்கள் பலர். அதனைத் தம் காதினால் அறிந்தவர்கள் சிலரே.

மன்னார்க் கடலில் முத்துக் குளித்த நம் முன்னோர் கல்லைக் காலிற் கட்டி, மூச்சை அடக்கி இறங்கினர். அவர்கள் மேலேயிருந்து கொண்டுபோன மூச்சு ஆழத்திற் சுருங்கி, திரும்பி வரும்போது பழைய அளவையே அடைந்தது. எனவே மூச்சை அடக்குவதால் அவர்களுடைய நுரையீரலுக்குக் கேடு விளையவில்லை. உருளையிலிருந்து சுவாசிப்பவனின் நிலை வேறு. அவன் ஆழத்திலேயே நுரையீரலை நிரப்பிக் கொள்கிறான். பத்து மீற்றரில் ஐந்து லீற்றர் வளியை உள்ளிழுத்து, மூச்சை அடக்கியபடி மேலே எழுந்தால், மேற்பரப்பில் அது பத்து லீற்றராக விரியும். நுரையீரல் அதனைத் தாங்காது, கிழிந்துவிடும். ஆகையால் சுழியோடியின் முதற் கட்டளை இதுதான்: எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்காதே, தொடர்ந்து சுவாசித்துக் கொண்டேயிரு.

முதுகிலே சுமப்பது ஒட்சிசன் என்று பலர் நினைக்கின்றனர். அது தவறு. சாதாரண வளியே அழுத்தி அடைக்கப்பட்டிருக்கிறது. அதிலே ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். தனி ஒட்சிசனை ஆறு மீற்றருக்கும் கீழே சுவாசித்தால் வலிப்பு ஏற்படக்கூடும். ஆழத்துக்கு ஏற்பச் சரியான அமுக்கத்தில் வளியை வாய்க்கு அளந்து கொடுக்கும் சீராக்கியே இந்தக் கலையின் உயிர்நாடி. பிரான்சு தேசத்தவர்களான ஜாக் கூஸ்தோ, எமில் கன்யான் என்னும் இருவரும் 1943 ஆம் ஆண்டில் அதனை உருவாக்கினர்.

வளி எவ்வளவு நேரத்துக்குப் போதும்? 12 லீற்றர் உருளையில் 200 வளிமண்டல அமுக்கத்தில் அடைத்தால் 2400 லீற்றர் வளி கிடைக்கும். அவசரத்துக்கென்று கால் பங்கை ஒதுக்கினால் மிஞ்சுவது 1800 லீற்றர். அமைதியாக இருப்பவன் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிப்பதாகக் கொண்டால், பத்து மீற்றரில் 40 லீற்றர் செலவாகும். ஆகவே 45 நிமிடம். பயந்தவனோ இருமடங்கு சுவாசிப்பான். அவனுக்கு இருபது நிமிடமே. அமைதி என்பது கடலுக்குள் ஓர் அலங்காரப் பண்பன்று. அளந்து பார்க்கக்கூடிய சேமிப்பு.

மேலே எழுவதற்கும் விதி உண்டு. ஆழத்தில் இரத்தத்திற் கரைந்த நைதரசன், அமுக்கம் திடீரெனக் குறைந்தால், சோடாப் போத்தலைத் திறந்தாற்போலக் குமிழியிடும். மூட்டு வலி முதல் பாரிசவாதம் வரை அதனால் விளையலாம். எனவே நிமிடத்துக்கு ஒன்பது மீற்றருக்கு மேற்படாமல் மெல்ல எழுந்து, ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் நின்று வருவதே நல்வழக்கம்.

பின்னர் கைமொழி. பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்தால் 'நலம்'. உள்ளங்கையை இப்படியும் அப்படியும் அசைத்தால் 'ஏதோ சரியில்லை'. பெருவிரலை மேலே உயர்த்தினால் 'மேலே போவோம்'. இந்த மூன்றாவது சைகையை நான் நன்றாகப் படிக்கவில்லை என்பது மறுநாள் தெரியவந்தது.

உள்ளே

மறுநாட் காலை ஏழரை மணிக்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டைப் பெற்றுக்கொண்டு படகேறினோம். தங்கை கடற்கரை வீதியோரத்து மரநிழலில் அமர்ந்துகொண்டாள். கடலைப் பாராமல், எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மணி நேரத்துக்குள் தீவின் மறைவை அடைந்தோம். இடுப்பில் ஈயக் கட்டிகள், காலில் துடுப்புக்கள், முதுகில் உருளை. கரையிலே நிமிர்ந்து நிற்கவும் முடியாத பாரம், நீரில் இறங்கியதும் இருந்த இடம் தெரியாமல் மறைந்தது.

மருமகன் மீன்குஞ்சு போல இறங்கிப் போனான். நான் இரண்டு மீற்றர் இறங்கியதும் காதுக்குள் ஊசி குத்தினாற்போல் வலித்தது. இறங்க இறங்கக் காதினுள்ளேயுள்ள வளி சுருங்க, செவிப்பறை உள்நோக்கி வளைகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு மெல்ல ஊதினால் தொண்டையிலிருந்து வளி சென்று அதனைச் சமப்படுத்தும். வலி தொடங்குமுன் ஒவ்வொரு மீற்றருக்கும் இதனைச் செய்ய வேண்டும். நான் பதற்றத்தில் மறந்துவிட்டேன். வலித்த பின்னர் பலங்கொண்ட மட்டும் ஊதினேன். பயனில்லை. ஆசிரியர் என் தோளைப் பற்றி மேலே அழைத்து வந்தார்.

"காதோடை மல்லுக்கட்டக் கூடாது, ஐயா. நொந்தால் கொஞ்சம் மேலை வாங்கோ, ஊதுங்கோ, பிறகு இறங்குங்கோ. சரிவராட்டில் இண்டைக்கு விட்டிட்டு நாளைக்கு வருவம். கடல் எங்கையும் போகாது" என்றார்.

என் மனத்திலோ வேறு எண்ணம் ஓடியது. பிள்ளை கீழே இருக்கிறான். துணையாக வந்தவன் மேலே மிதக்கிறேன். அவனோடு வேறொரு வழிகாட்டி இருப்பது தெரிந்தும் மனம் ஆறவில்லை. தங்கைக்குக் கொடுத்த வாக்கு நெஞ்சை அழுத்தியது. நல்ல வேளையாக, அந்த அவசரத்துக்கு ஆசிரியர் இடங்கொடுக்கவில்லை. ஐந்து நிமிடம் நீர்மட்டத்திலேயே என்னை ஆறவிட்டார். இரண்டாம் முறை சாண் சாணாக இறங்கினேன். காதுக்குள் 'டிக்' என்று ஒரு சிறு ஒலி, வலி விட்டது. நிமிர்ந்து பார்த்தேன்.

என்னவென்று எழுதுவது? மான்கொம்புகளைக் கிளை கிளையாய் நட்டு வைத்தாற்போன்ற முருகைகள். மூளையின் மடிப்புக்களைப் போன்ற உருண்டைகள். விரித்த மேசைகள் போன்ற தட்டைகள். அவற்றினூடே மஞ்சளும் கறுப்புமாய் வண்ணாத்தி மீன்கள் சோடி சோடியாய்ச் சென்றன. கிளிமீன் ஒன்று முருகையைக் கடிக்கும் 'கறுக் முறுக்' என்னும் சத்தம் தெளிவாகக் கேட்டது. கடித்த கல்லை அது அரைத்து வெண்மணலாகக் கழித்துவிடுகிறது. நாம் கரையிலே உட்கார்ந்து களிக்கும் வெண்மணலிற் பெரும்பங்கு, முருகைக் கடல்களில், இந்த மீனின் வயிற்றினூடாக வந்ததே.

நீருக்குள் கண்ணும் காதும் நம்மை ஏமாற்றும். முகக்கண்ணாடியினூடாகப் பார்க்கும்போது பொருள்கள் மூன்றிலொரு பங்கு பெரிதாகவும் கால் பங்கு அண்மையிலும் தோன்றும். ஒலி வளியிலும் பார்க்க நாலு மடங்குக்கு மேல் விரைந்து செல்வதனால் அது எத்திசையிலிருந்து வருகிறதென்று அறிய முடியாது. சிவப்பு நிறம் முதலில் மறைகிறது. மருமகனின் சிவப்புப் பட்டி சில மீற்றர் ஆழத்திலேயே மண்ணிறமாகிவிட்டது.

அப்போது அழுங்காமை ஒன்று வந்தது. எங்களைப் பொருட்படுத்தாமல், வீட்டுக்குத் திரும்பும் முதிய உத்தியோகத்தரைப்போல, நிதானமாகத் துடுப்புக் கைகளை அசைத்துக்கொண்டு கடந்து சென்றது. மகிழ்ச்சி தாங்காமல் நான் மருமகனை நோக்கிப் பெருவிரலை உயர்த்திக் காட்டினேன். மறுகணம் ஆசிரியர் என் கையைப் பற்றி என்னை மேலே கொண்டுபோகத் தொடங்கினார்! 'நன்று' என்று நான் காட்டியது, அவருக்கு 'மேலே போவோம்' என்றல்லவா பொருள்பட்டது. அவசரமாக விரல்களை வளையமாக்கிக் காட்டிய பின்னரே விட்டார். கண்ணாடிக்குள் அவர் கண்கள் சிரித்தன.

திரும்பும் வழியில் தீவின் மறுபக்கத்து ஆழமற்ற நீரில், செட்டை நுனி கறுத்த சுறாக்கள் மூன்று உலாவக் கண்டோம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓராள் கைவிரித்த நீளம். முத்துக் குளிப்புக் காலத்தில் சுறாவை மந்திரத்தாற் கட்டுவதற்குக் 'கடற்கட்டி' என்றொருவரை அமர்த்தி, பிரித்தானிய அரசாங்கமே அவருக்குச் சம்பளமும் கொடுத்ததாகச் சரித்திரம் உண்டு. இந்தக் கருமுனைச் சுறாக்களுக்கு மந்திரம் வேண்டியதில்லை. மனிதனைக் கண்டால் அவையே விலகிப் போகின்றன. துரத்தாமலும் தீனி போடாமலும் இருந்தாற் போதும்.

என் காலடியில் நொறுங்கியது

இனி ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் புறாத் தீவுக்குச் சென்றது இது முதற் தடவையன்று. யுத்தம் 2009 ஆம் ஆண்டில் முடிந்தபின், மூடிக்கிடந்த கடற்கரைகள் திறக்கப்பட்டு மக்கள் வெள்ளமாக வந்த நாட்களில், 2011 ஆம் ஆண்டில், நண்பர் சிலருடன் நானும் சென்றேன். நீந்தத் தெரியாமையினால் இடுப்பளவு நீரில் நடந்தேன். காலின் கீழ் ஏதோ காய்ந்த சுள்ளி முறிவதுபோல் முறிந்துகொண்டே வந்தது. செருப்பு அணிந்திருந்தமையால் வலி தெரியவில்லை. முறிந்த துண்டொன்றை எடுத்து வந்து வீட்டு அலுமாரியில் அழகுக்காக வைத்தேன். அது இன்றும் அங்கே இருக்கிறது.

அன்று நான் மிதித்தது கல்லென்றே எண்ணினேன். முருகை என்பது உயிர். கடுகளவும் மிளகளவுமான எண்ணற்ற சிறு பிராணிகள் சுண்ணாம்பினாற் கட்டிய குடியிருப்பு அது. அவற்றின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து, வெயிலைக்கொண்டு உணவு சமைத்துக் கொடுக்கின்றன. முருகைக்கு நிறமும் அவற்றாலேயே. கிளைவிடும் முருகை ஆண்டுக்குப் பத்து முதல் இருபது சென்ரிமீற்றர் வரை வளரக்கூடும். உருண்டை முருகையோ ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர்தான். ஒரு மேசையளவு உருண்டை, என் பாட்டனுக்கு முன்னரே வளரத் தொடங்கியதாயிருக்கலாம். அதனை முறிக்க எனக்கு ஒரு கணம் போதுமாயிருந்தது.

இப்போது சுழியோடிச் சென்றபோது, பார்வையாளர் அதிகமாக இறங்கும் பக்கத்தைக் கண்டேன். ஆழத்திலே கண்ட தோட்டத்துக்கும் அதற்கும் எவ்வளவு வேற்றுமை! முறிந்த கிளைகள் சாம்பல் நிறமாய்க் குவிந்து கிடந்தன. பாசி படர்ந்திருந்தது. ஆசிரியர் அந்த இடத்தைக் கையாற் சுட்டி, பின்னர் தம் பாதத்தைச் சுட்டிக் காட்டினார். நீருக்குள் பேச முடியாது. பேச வேண்டியதும் இல்லை.

பாதம் ஒன்றே பகைவனன்று. கடல்நீர் அது வழக்கமாக எட்டும் உச்ச வெப்பத்தைக் காட்டிலும் ஒரு பாகை உயர்ந்து சில வாரங்கள் நீடித்தால், முருகை தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றிவிட்டு வெளிறிப்போகும். வெப்பம் விரைவிலே தணிந்தாற் பிழைக்கும். தணியாவிட்டாற் பட்டினியால் இறக்கும். 1998 ஆம் ஆண்டில் இலங்கையின் மேற்கிலும் தெற்கிலும் முருகைகள் பெருவாரியாக இவ்வாறு அழிந்தபோது, திருகோணமலைப் பக்கத்து முருகைகள் பெரும்பாலும் தப்பின. 2024 ஆம் ஆண்டில் உலகக் கடல்கள் எங்கும் வெளிறல் பரவிவிட்டதாக விஞ்ஞானிகள் அறிவித்தனர். கடல் சூடேறுவதைத் தடுப்பது ஒரு கிராமத்தால் ஆகாத காரியம். காலை உயர்த்திக்கொள்வது ஒவ்வொருவராலும் ஆகும். காய்ச்சலிற் படுத்தவனை மிதிக்காமல் நடப்பது போன்ற சிறு தர்மம் அது.

போக விரும்புவோர்க்கு

சான்றிதழ் பெற்ற ஆசிரியரிடமே பழகுங்கள். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் கடலில் இறக்கும் வழக்கம் இல்லை. முழுப் பயிற்சி பெறாதவர் ஆசிரியருடன் 12 மீற்றருக்குள்ளும், அடிப்படைச் சான்றிதழ் பெற்றவர் 18 மீற்றருக்குள்ளும் நிற்க வேண்டும்.

தடிமன் பிடித்திருந்தால் இறங்காதீர்கள், காது அடைத்துக்கொள்ளும். ஆஸ்துமா, இருதய நோய், வலிப்பு, காதிற் சத்திரசிகிச்சை ஆகியவை உள்ளோர் முதலில் வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும். கர்ப்பிணிகளுக்குச் சுழியோட்டம் ஆகாது.

சுழியோடிய பின் குறைந்தது 18 மணி நேரம் விமானத்தில் ஏறலாகாது. கொழும்புக்குச் சென்று அன்றிரவே விமானமேற எண்ணுவோர் இதனைக் கவனிக்க. அன்றே நுவரெலியா போன்ற உயர்ந்த மலைக்குப் பிரயாணம் செய்வதும் அதே காரணத்தால் தவிர்க்கத்தக்கது. உயரம் ஏற ஏற வளியமுக்கம் குறைகிறதன்றோ?

நீந்த மட்டும் செல்வோர் மிதவைச் சட்டை அணிந்து, நிற்க வேண்டுமாயின் மணலைத் தேடி நிற்பாராக. வெயிலுக்குத் தைலம் பூசுவதிலும் நீண்ட கைச்சட்டை அணிவது மேல். சில தைலங்களில் உள்ள இரசாயனங்கள் முருகைக்குக் கேடு செய்கின்றன. தீவிலிருந்து எதையும் எடுத்து வராதீர்கள். இறந்த துண்டாயினும் வேண்டாம்.

நாங்கள் கரைக்குத் திரும்பியபோது மணி பத்தாகியிருந்தது. மருமகன் தாயிடம் ஓடிச் சென்று, சுறாவையும் ஆமையையும் ஒரே மூச்சிற் சொல்லி முடித்தான். தங்கை அவன் தலையைத் தன் சேலைத் தலைப்பால் துவட்டிக்கொண்டே கேட்டாள். பின்பு என்னைப் பார்த்து, "அடியிலை அவ்வளவு வடிவோ, அண்ணா?" என்றாள்.

"ஓம்" என்றேன். வேறு சொல் வரவில்லை.

அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு எழுந்து, மரநிழலை விட்டு மணலில் இறங்கினாள். ஈரமணல் தொடங்கும் இடம்வரை நடந்து போய் நின்றாள். சிறியதோர் அலை வந்து அவள் பாதங்களை நனைத்துவிட்டுத் திரும்பிற்று. அவள் பின்வாங்கவில்லை.

அலுமாரியில் இருக்கும் அந்த முருகைத் துண்டைத் திரும்பக் கடலிற் போட்டாலும் அது இனி உயிர் பெறாது. ஆகவே அங்கேயே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். வீட்டுக்கு வரும் பிள்ளைகள் "இது என்ன?" என்று கேட்கும்போது, நான் 2011 ஆம் ஆண்டில் செய்த பிழையிலிருந்து கதையை ஆரம்பிக்கிறேன்.